மறுவெளியீடும் பெயரில்லா ஆசானும்: ஜாஸ் சிறுகுழுப் பதிவுகளில் மலேசிய நாகசுரத்தின் தடம்

மூனிக் நகரத்து ஈசிஎம் நிறுவனம் 2009-இல் 'கலர்ஸ்' என்ற தலைப்பில் மூன்று குறுந்தட்டுகளை ஒரே பெட்டியாக மறுவெளியீடு செய்தது. ஜெர்மானிய பாஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபர் தம் நால்வர் குழுவுடன் 1975, 1977, 1980 ஆகிய ஆண்டுகளில் பதிவு செய்த 'யெல்லோ ஃபீல்ட்ஸ்', 'சைலண்ட் ஃபீட்', 'லிட்டில் மூவ்மெண்ட்ஸ்' ஆகிய மூன்றும் அதில் உள்ளன. ஜாஸ் உலகில் இப்படிப்பட்ட பெட்டிகளுக்குக் குறைவில்லை. ஆயினும் இந்த ஒன்றை மலேசியத் தமிழ் ஆய்வாளர்கள் கையில் எடுக்கக் காரணம் உண்டு. முதல் தட்டின் கலைஞர் பட்டியலில் சார்லி மரியானோவின் பெயருக்கு எதிரே சொப்ரானோ சாக்ஸபோன், ஷெனாய் ஆகியவற்றோடு நாகசுரமும் அச்சாகியிருக்கிறது. அந்த நாகசுரம் அவர் கைக்கு முதலில் வந்த இடம் தஞ்சாவூர் இல்லை, கோலாலம்பூர்.

இக்கட்டுரையின் வாதம் இதுதான். ஜாஸ் மறுவெளியீடு வாசித்தவரை நுணுக்கமாகப் பதிவு செய்யும். கற்பித்தவருக்கு அதன் பட்டியலில் இடமே கிடையாது. நம் நாகசுர மரபோ கற்பித்தவரைக் கொண்டாடும்; பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவரைக் 'குழுவினர்' என்று முடித்துவிடும். இரண்டு பழக்கங்களுக்கும் நடுவே கணக்கில் வராமல் போனவர்கள் மலேசிய நகரக் கோயில்களிலும் தோட்டக் கோயில்களிலும் வாசித்த மேளக்காரர்கள். மறுவெளியீடு என்பது பழைய நாடாவைத் துடைத்து மீண்டும் விற்பது மட்டும்தான் என்றால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது தன்னை வரலாற்று ஆவணமாகவும் முன்னிறுத்துகிறது. எனவே ஆவணத்துக்குரிய கேள்விகளை அதனிடம் கேட்கலாம்.

மரியானோ 1923-இல் பாஸ்டனில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்டான் கென்டனின் பெருங்குழுவில் பெயர் எடுத்தார். பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியுடன் சேர்ந்து நால்வர் குழு நடத்தினார். 1963-இல் சார்ல்ஸ் மிங்கஸ் பதிவு செய்த 'தி பிளாக் செயிண்ட் அண்ட் தி சின்னர் லேடி' இசைத்தட்டில் அழுகையும் வெறியுமாக ஒலிக்கும் ஆல்டோ சாக்ஸபோன் அவருடையது. பெர்க்லி இசைக் கல்லூரியில் கற்பித்தும் வந்தார். 1966–67 காலத்தில் வானொலி மலேசியா இசைக்குழுவுக்குப் பயிற்சி தரக் கோலாலம்பூர் வந்தபோதுதான் நாகசுரத்தைக் கேட்டார், கற்கவும் தொடங்கினார். பின்னர் 1970களில் தென்னிந்தியாவுக்கே போய்ப் பயிற்சியைத் தொடர்ந்தார். அவர் கற்பிக்க வந்தது ஒரு நிறுவனத்துக்கு. அதற்கு ஒப்பந்தம், சம்பளப் பட்டியல், நிகழ்ச்சி நிரல் எல்லாம் இருக்கும். அவர் கற்றுக்கொண்டதற்கு அப்படிப்பட்ட தாள் எதுவும் தேவைப்பட்டிருக்காது. வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்த தட்சிணைக்கு யார் ரசீது எழுதுவார்?

அந்தக் காலத்து ஜாஸ் இந்தியாவை எந்தத் திசையில் தேடியது என்பதையும் பார்க்க வேண்டும். ஜான் கோல்ட்ரேன் 1961-இல் 'இந்தியா' என்ற பெயரிலேயே ஓர் உருப்படியை வாசித்தார். லண்டனில் ஜோ ஹாரியட்டும் கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரும் இரட்டை ஐவர் குழு அமைத்து 1966-இல் 'இண்டோ ஜாஸ் ஸ்வீட்' வெளியிட்டார்கள். இவர்கள் காதில் விழுந்த இந்தியா பெரும்பாலும் சிதார், தபலா, தம்பூரா. ரவிசங்கர் போன்றோரின் மேடைக் கச்சேரிகளும் நீள்தட்டுகளும் கொண்டுபோய்ச் சேர்த்த வடநாட்டு இசை அது. மரியானோவின் வழி வேறு. தென்னிந்தியக் கோயில் கருவி ஒன்று அவரை எட்டியதற்குக் காரணம் எந்தக் கலைத்தூதரும் அல்லர். பால்மரக் காடுகளுக்கு ஆள் எடுத்த கங்காணி முறையும், அந்த ஆட்களோடு கடல் கடந்த மாரியம்மனும் முருகனுமே. ஜாஸ் வரலாற்றாசிரியர்கள் 'கிழக்கு நோக்கிய பயணம்' என்று ஒரே பெயரில் எல்லாரையும் அடைக்கும்போது இந்த வேறுபாடு காணாமல் போகிறது. மேயரின் இந்தியா இசைப்பள்ளி வழியே வந்தது; மரியானோவின் இந்தியா தொழிலாளர் குடியேற்றத்தின் வழியே வந்தது.

இனி அந்தப் பெட்டியை வரிசையாகக் கேட்போம். மறுவெளியீட்டின் உண்மையான பயன் இங்கேதான். தனித்தனி இசைத்தட்டாக இருந்தபோது தெரியாத ஒன்று, மூன்றையும் அடுக்கி வைத்ததும் தெரிகிறது. 1975-இன் பட்டியலில் நாகசுரம் இருக்கிறது. 1977-இல் மரியானோவுக்கு எதிரே சொப்ரானோவும் புல்லாங்குழல்களும் மட்டும். 1980-இலும் அப்படியே. ஐந்து ஆண்டில் ஒரு கருவி குழுவை விட்டு வெளியேறியிருக்கிறது.

ஏன்? முதல் காரணம் சுருதி. நாகசுரத்தின் ஆதார சுருதி அதன் நீளத்தோடு பிறந்தது. பாரி நாயனம் தாழ்ந்த கட்டையில் பேசும், திமிரி உயர்ந்த கட்டையில் பேசும். வாசிக்கும் நடுவில் ஆதாரத்தை மாற்றிக்கொள்ள இடமில்லை. வெபரின் குழுவில் ரைனர் புரூனிங்ஹவுஸ் விசைப்பலகை வாசித்தார். 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' தட்டில் பாஸும் விசைப்பலகையும் ஒரே அடித்தளத்தை நெடுநேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பகுதிகள் ஏராளம். பதினைந்து நிமிடம் நீளும் 'சாண்ட் கிளாஸ்' இதற்கு நல்ல சான்று. அந்த அடித்தளம் ஒருவகையில் சுருதி பிடிக்கும் ஒத்தின் வேலையைச் செய்கிறது. அதன்மேல் இரட்டைச் சீவாளிக் கருவி நிற்க முடிகிறது. 'லிட்டில் மூவ்மெண்ட்ஸ்' காலத்தில் என் செவிக்குக் குழுவின் இசை இன்னும் எழுதிக் கோக்கப்பட்டதாக, சுரக்கூட்டுகள் அடிக்கடி இடம் பெயர்வதாக ஒலிக்கிறது. அங்கே நாகசுரம் நின்றால் தனித்துத் துருத்திக்கொண்டுதான் நிற்கும்.

இரண்டாவது காரணம் ஒலியளவு. பிராகாரத்திலும் தேரோடும் வீதியிலும் தவிலுக்கு ஈடு கொடுக்கப் பிறந்த கருவி இது. லுட்விக்ஸ்புர்க் நகரத்து டோன்ஸ்டூடியோ பாவரில் மான்ஃப்ரெட் ஐக்கரின் தயாரிப்பில் பதிவானபோது அதைச் சுற்றி இருந்தவை மின் பாஸும் யான் கிறிஸ்டென்சனின் மெல்லிய சிம்பல் ஒலியும். ஈசிஎம்-க்கு உரிய நீண்ட எதிரொலி எந்த ஓசையையும் தூரத்தில் வைத்துப் பனிமூட்டத்தில் காட்டும். நாகசுரம் கிட்டத்தில் நின்று நெஞ்சில் அறைய வேண்டியது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பது என் கணிப்பு.

ஆனால் கருவி போனாலும் கற்றது போகவில்லை. சொப்ரானோவும் நாகசுரமும் கூம்புத் துளைக் கருவிகள். அழுத்தி ஊதினால் இரண்டும் மேல் ஸ்தாயிக்குத் தாவும். வேறுபாடு சீவாளியிலும் விரலிலும். நாகசுரத்தில் துளையைப் பாதி மூடியும், உதட்டால் சீவாளியை இறுக்கியும் தளர்த்தியும் கமகம் எடுப்பார்கள். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே சாவி இருக்கிறது. பாதி மூடும் வசதி இல்லை. உதடும் தொண்டையும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். 'சைலண்ட் ஃபீட்' தட்டில் மரியானோ ஒரு சுரத்துக்கு நேராகப் போகாமல் கீழிருந்து இழைந்து ஏறுவதையும், நின்ற சுரத்தை அசைத்து நிறுத்துவதையும் கேட்பவர்கள், மிங்கஸ் காலத்து மரியானோவிடம் இருந்த புளூஸ் இழைவோடு இன்னொன்றும் சேர்ந்திருப்பதை உணர முடியும்.

1983-இல் ஈசிஎம் பதிவு செய்த 'ஜோதி' இதைவிடச் சுவையான சான்று. பெங்களூரில் டி.ஏ.எஸ். மணி 1964-இல் நிறுவிய கர்நாடக தாளவாத்தியக் கல்லூரியின் கலைஞர்களோடு மரியானோ சேர்ந்த தட்டு அது. ஆர்.ஏ. ரமாமணி பாட, மணி மிருதங்கமும், ஆர்.ஏ. ராஜகோபால் கடமும் முகர்சிங்கும், டி.என். சசிகுமார் கஞ்சிராவும் வாசித்தார்கள். தென்னிந்திய இசைக்குள் முழுதாக நுழைந்த அந்தத் தட்டிலாவது நாகசுரத்தை எடுத்திருப்பார் என்றுதான் எதிர்பார்ப்போம். எடுக்கவில்லை, சொப்ரானோவும் புல்லாங்குழலும்தான். மேலைநாட்டு விமரிசகர் இதை வாய்ப்பைத் தவறவிட்டது என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிருதங்கம், கடம், கஞ்சிரா சேர்ந்த அரங்கில் நாகசுரம் வழக்கமில்லை. அது தவிலோடு சேர்ந்த பெரிய மேளத்தின் கருவி. எந்தக் கருவி எந்தச் சபையில் பேசும் என்ற ஒழுங்கை அவர் அறிந்திருந்தார் என்று கொள்வதே பொருத்தம். அந்த ஒழுங்கை ஒலிநாடா கேட்டுக் கற்க முடியாது. மேளக்காரரோடு பழகியவருக்கே அது வாய்க்கும்.

கத்ரி கோபால்நாத் எதிர்த்திசையில் நடந்தவர். நாகசுர வித்துவானின் மகனாகப் பிறந்து, தந்தையிடம் நாகசுரம் கற்று, மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியத்தில் சாக்ஸபோனைக் கேட்டு அதற்கு மாறினார். கருவி மாறியதும் அவருடைய சபையும் மாறியது: வயலினும் மிருதங்கமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. 2008-இல் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு அவர் சேர்ந்த 'கின்ஸ்மென்' இசைத்தட்டு வந்தபோது, கோபால்நாத்தின் தந்தையும் குருமாரும் நமக்குப் பெயரோடு தெரிந்தவர்கள். மரியானோவின் வரலாற்றில் அதற்கு இணையான பக்கத்தில் 'மலேசியாவில் கற்றார்' என்ற இரண்டு சொல்லோடு கதை தாண்டிப் போய்விடுகிறது.

இது யாரோ ஒருவரின் அலட்சியம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜாஸ் இசைத்தட்டியல் தொடக்கத்திலிருந்தே அமர்வை அலகாகக் கொண்டது: எந்த நாள், எந்தக் கூடம், யார் எதை வாசித்தார், எத்தனையாவது முயற்சி. மறுவெளியீடுகள் இந்தத் துல்லியத்தை வளர்த்தன. தள்ளிவைக்கப்பட்ட முயற்சிகளைக்கூட எடுத்துச் சேர்க்கின்றன. அதனால் வெபர் குழுவில் முதல் தட்டுக்குப் பிறகு டிரம்ஸில் கிறிஸ்டென்சனுக்குப் பதில் ஜான் மார்ஷல் வந்தது நமக்கு ஐயமில்லாமல் தெரியும். நம் பக்கத்து 78 சுழற்சித் தட்டுகளை இதோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம் ஓடும் பல நாகசுரத் தட்டுகளின் லேபிளில் வித்துவான் பெயர் பெரிதாக இருக்கும். தவில், ஒத்து, தாளம் எல்லாம் 'பார்ட்டி'க்குள் அடங்கிவிடும். பின்னாளில் ஒலிநாடாவிலும் குறுந்தட்டிலும் மறுவெளியீடு ஆனபோதும் பெரும்பாலும் அந்த லேபிளே வழிகாட்டியானது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த நமக்கு, அந்தத் தோடிக்குத் தாளம் போட்டவரைக் கேட்கத் தோன்றவில்லை. ஜாஸ்காரர்களிடம் கற்க வேண்டியது இங்கே நிறைய இருக்கிறது.

இனி, தொடக்கத்தில் சொன்ன தோட்டக் கோயில் மேளக்காரர்களைத் தேடி மம்பாவுக்கு வருவோம். சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சன் போகும் வழியில் உள்ள இந்தச் சிற்றூரைச் சுற்றி இருந்த தோட்டங்களும், அதே வழியில் சிலியாவ், ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களும் நெகிரி செம்பிலான் தமிழர் வாழ்வின் அடிநிலம். தோட்டத்து அன்றாட இசை உறுமியும் பறையும். நாயனம் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் உரியது. லயத்து வீடுகளில் வரி பிரித்துச் சேர்ந்த பணம் அனுமதித்தால் மட்டும் நகரத்திலிருந்து மேளம் வரும். இதனால் ஒரே மேளக்காரர் செட்டியார் கோயில் உற்சவத்திலும் தோட்டத்து மாரியம்மன் ஊர்வலத்திலும் வாசிக்க நேர்ந்தது. ஒரு மேளம் பிழைக்க நகரக் கோயில் ஒன்று மட்டும் போதாது. கோலாலம்பூரில் ஓர் அமெரிக்கர் கேட்கும்படி ஒரு நாகசுரம் 1966-இலும் மூச்சோடு இருந்ததற்குத் தோட்டத்து வரிப்பணமும் காரணம். மரியானோவை 'நகரத்து' நிகழ்வாக மட்டும் பார்ப்பது அதனால் பொருந்தாது.

அந்த ஆண்டுகள் தோட்டங்களுக்கு நல்ல காலமும் இல்லை. வெள்ளையர் விற்றுப்போன தோட்டங்கள் துண்டாடப்பட்டன, 1960-இல் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்க நேர்ந்தது அந்த நெருக்கடியால்தான். பிறகு பால்மரம் செம்பனையானது. செம்பனை வீடமைப்புப் பகுதியானது. கோயில்கள் இடம் பெயர்ந்தன, சில இல்லாமலே போயின. அவற்றின் பெட்டியிலும் பரணிலும் இருந்த தாள்களும் அவற்றோடு போயின.

அந்தத் தாள்களைத்தான் நான் இங்கே முதன்மைச் சான்றாக முன்வைக்கிறேன். திருவிழா அழைப்பிதழ் அச்சடிக்கும் வழக்கத்தில் அபிஷேக நேரம், உபயகாரர் பெயர் ஆகியவற்றோடு நாதஸ்வரம் இன்னார், தவில் இன்னார் என்று போடுவது உண்டு. தேதி, இடம், கலைஞர், கருவி: ஜாஸ் ஆய்வாளர் ஓர் அமர்வுக்குக் கேட்கும் நான்கும் அந்த மஞ்சள் தடவிய தாளில் இருக்கின்றன; இசைத்தட்டில் 'பார்ட்டி'யாகக் கரைந்த தவில்காரருக்கும் அங்கே பெயர் உண்டு. 1924-இல் தொடங்கி 2019 வரை வந்த 'தமிழ் நேச'னிலும், 'தமிழ் முர'சிலும் கோயில் விழா அறிவிப்புகள் இடம்பெற்றன. சமய வரலாறு எழுதுபவர்கள் இவற்றைப் பார்க்கிறார்கள். இசை வரலாறு எழுதுபவர்கள் இன்னும் போதிய அளவு பார்க்கவில்லை. 1965 முதல் 1968 வரை கோலாலம்பூர், கிள்ளான், சிரம்பான் கோயில்களிலும் மம்பாவ் வட்டாரத் தோட்டக் கோயில்களிலும் வாசித்த மேளங்களின் பட்டியலை அறிவிப்புகளிலிருந்தும் எஞ்சிய அழைப்பிதழ்களிலிருந்தும் தொகுப்பது இரண்டு மூன்று முதுகலை மாணவர்களின் கைக்கு அடங்கும் வேலை. அப்பட்டியலை வானொலி மலேசியா இசைக்குழுவின் நிகழ்ச்சிக் குறிப்புகளோடு நாள்வாரியாக ஒட்டிப் பார்க்க வேண்டும். அடுத்த முறை 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' மறுவெளியீடு காணும்போது அதன் சிறுநூலில் சேர்க்க அரைப் பக்கமாவது அதிலிருந்து கிடைக்கும்.