யாருடைய சராசரி?

"ஊர்ப் பேர்லயே பாஸ் இருக்கு, நீங்க மட்டும் ஏன்டா பெயில்?"

கிராண்ட்பாஸில் வளர்ந்த எல்லாருக்கும் இந்தப் பகிடியைச் சொன்ன ஒரு சேராவது இருப்பார். அந்தப் பாஸுக்கும் பரீட்சைக்கும் சம்பந்தமே இல்லை. களனி கங்கையைக் கடக்கிற பெரிய துறை என்ற அர்த்தத்தில் போர்த்துக்கேயர் காலத்தில் வந்த பேர் அது. தமிழில் பாலத்துறை என்றும் சொல்லுவோம்.

நான் ஏ.எல்.லில் பெயில் ஆகவில்லை. பயோ பிரிவில் மூன்று பாடமும் பாஸ். ஆனால் கெம்பஸ் கிடைக்கவில்லை. ரிசல்ட் ஷீட்டில் பாடங்களுக்குப் பக்கத்தில் நான்கு தசமதானத்தோடு ஓர் இலக்கம் இருந்தது. அதுதான் இசட் புள்ளி. கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளி அதைவிடக் கொஞ்சம் மேலே நின்றது. "மகனுக்கு இசட் காணாதாம்" என்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாங்க, ஏதோ இரத்தத்தில் சத்து காணாது என்கிற மாதிரி. இசட் என்றால் என்னவென்று அம்மா என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரியாது.

பதில் கிடைத்தது 2020 ஒக்டோபருக்குப் பிறகு. கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது மட்டக்குளி, முகத்துவாரம், புளூமெண்டால், கிராண்ட்பாஸ் என்று கொழும்பு வடக்கு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். வேலை செய்த கடையும் மூடியாச்சு. சும்மா இருக்கிற நேரத்தில் இலவசமாக ஏதாவது படிப்போம் என்று, முதலாம் வருடப் புள்ளிவிபரவியலும் நிகழ்தகவும் சொல்லித் தருகிற ஓர் இணையப் பாடநெறியில் சேர்ந்தேன். போனில்தான் படிப்பு. டேட்டா முடியாமல் இருக்க வீடியோவை ஆகக் குறைந்த தெளிவில் வைத்துப் பார்ப்பேன். பலகையில் எழுதுவது மங்கலாகத்தான் தெரியும். மூன்றாவது கிழமைப் பாடத்தில் அந்த எழுத்து வந்தது: இசட். என் தலையெழுத்தை எழுதியது என்று நான் நினைத்த சாமான், உண்மையில் ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும்தான்.

உங்கள் மார்க்ஸில் இருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழியுங்க. வருகிற விடையை நியம விலகலால் வகுங்க. முடிஞ்சுது. நியம விலகல் என்பது, எல்லாருடைய மார்க்ஸும் சராசரியைச் சுற்றி எவ்வளவு தூரம் பரந்து கிடக்கிறது என்பதற்கான அளவு. கற்பனைக்கு ஒரு கணக்கு: இரசாயனவியலில் சராசரி 40, நியம விலகல் 20, உங்களுக்கு 60. இசட் 1. வேறொரு பாடத்தில் சராசரி 65, நியம விலகல் 10, உங்களுக்கு 75. அங்கேயும் இசட் 1. லேசான பேப்பரில் எடுத்த 75உம் கஷ்டமான பேப்பரில் எடுத்த 60உம் ஒரே தராசில் வந்து நிற்கின்றன. மூன்று பாடங்களின் இசட்டையும் கூட்டி மூன்றால் வகுத்தால், ரிசல்ட் ஷீட்டில் இருக்கிற அந்த இலக்கம்.

ஆனால் அந்தப் பாடத்தில் படிப்பித்தவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சராசரி எடுக்க முதல், அது எந்தக் கூட்டத்தின் சராசரி என்பதை முடிவு செய்ய வேண்டும். சூத்திரம் அதைச் சொல்லாது. மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். அதைக் கேட்ட பிறகு, இலங்கையின் பல்கலைக்கழக அனுமதி வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அம்பது வருடச் சண்டையும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

இந்தக் கணக்கின் பிறப்பிலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. 1835இல் பெல்ஜியத்து வானியலாளர் அடொல்ப் கெத்லே 'சராசரி மனிதன்' என்று ஒரு ஆளைக் கற்பனை செய்தார். வானத்து நட்சத்திரங்களை அளக்கும்போது வருகிற பிழைகளுக்குப் பாவித்த கணக்கை மனிதர்கள் மேல் போட்டார். 'நியம விலகல்' என்ற பேரை வைத்தவர் லண்டனில் இருந்த கார்ல் பியர்சன், 1890களில். அவரும் அவருக்கு முன்னோடியான பிரான்சிஸ் கால்டனும் மனிதரை உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்று பிரிக்கிற கொள்கையை நம்பியவர்கள். அதனால்தான் 2020இல் லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜ், தன் கட்டடங்களில் இருந்து இரண்டு பேரின் பெயரையும் எடுத்துவிட்டது. சூத்திரம் இன்னும் பாவனையில் இருக்கிறது. அது சரியான சூத்திரம்தான். அதை எந்தக் கூட்டத்தின் மேல் போடுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

இனி எங்கள் கதை. 1960களின் முடிவில் இலங்கையில் பொறியியல் படித்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தமிழ் மாணவர்கள். 1970 பரீட்சைக்குப் பிறகு, தமிழ் மொழிமூல விடைத்தாள்களைத் திருத்தியவர்கள் மார்க்ஸை அள்ளிப் போட்டார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. விசாரித்துப் பார்த்ததில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. இருந்தாலும் 1971 அனுமதிக்கு மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி வந்தது. 400க்கு, பொறியியலுக்குச் சிங்கள மொழிமூலம் 227, தமிழ் மொழிமூலம் 250. மருத்துவத்துக்கு 229, 250. ஒரே பரீட்சை, ஒரே பாடத்திட்டம். எழுதிய மொழிதான் வேறு.

இப்படி வெளிப்படையாக இரண்டு இலக்கம் போட்டால் எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் கேள்வி கேட்பார்கள். 1973இல் வந்த தரப்படுத்தல் இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு மொழிமூலத்தையும் தனித்தனிக் கூட்டமாக எடுத்து, மார்க்ஸை ஒரு பொது அளவுக்கு மாற்றினார்கள். எந்த மொழியில் எத்தனை பேர் எழுதினார்களோ, அந்த விகிதத்தில் தகுதி பெறுவார்கள். கற்பனைக்குப் பாருங்க: ஒரு மொழியில் சராசரி 40, மற்றதில் 48, இரண்டிலும் நியம விலகல் 12. இரண்டு பேர் ஒரே 64 எடுக்கிறார்கள். முதலாவது ஆளுக்கு 2, இரண்டாவது ஆளுக்கு 1.33. பேப்பரில் ஒரு மார்க் வித்தியாசம் இல்லை. கூட்டத்தைப் பிரித்த இடத்தில் வித்தியாசம் பிறந்துவிட்டது. இதை 'விஞ்ஞான முறை' என்று சொல்லிவிடலாம், ஏனென்றால் உள்ளே இருப்பது உண்மையிலேயே விஞ்ஞானச் சூத்திரம். கேட்பவருக்குக் கணக்குத் தெரியாவிட்டால் வாயை மூட வேண்டியதுதான்.

அடுத்த வருடம், 1974இல், மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. 1970களின் நடுப்பகுதியில் பொறியியலில் தமிழ் மாணவர்களின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போனது. பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. யாழ்ப்பாணத்து இளைஞர்கள் அரசியலுக்குள் வந்த காரணங்களில் இதுவும் ஒன்று.

இங்கே ஒரு விஷயத்தை நாங்கள் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மொழிவாரித் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் இரண்டு வேறு விஷயங்கள். பேச்சில் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். மாவட்ட முறையால் யாழ்ப்பாணமும் கொழும்பும் இழந்தன. ஆனால் கண்டிப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களோடு மட்டக்களப்பு, மன்னார், வவுனியா மாதிரியான இடங்களின் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கும் கதவு கொஞ்சம் திறந்தது. ஆய்வுகூடம் இல்லாத பள்ளிக்கூடத்தில் எடுத்த 60உம் எல்லா வசதியும் இருக்கிற கொலேஜில் எடுத்த 60உம் ஒன்றா என்பது நியாயமான கேள்வி. மொழி அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. வசதி மொழியைப் பார்த்து வருவதில்லை.

1977இல் ஆட்சி மாறிய பிறகு மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்டம் மட்டும் மிஞ்சியது. இன்றைக்குப் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைக்கு ஏற்ப, 5 வீதம் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணமும் இப்போது அந்த 16க்குள் இருக்கிறது. போர் ஒரு மாவட்டத்தை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி எனக்குத் தெரியாது.

2001இல் வந்தது இசட் புள்ளி. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில் கொண்டுவந்த முறை. அதுவரை வெறும் மார்க்ஸைக் கூட்டினார்கள், அதனால் லேசான பாடம் எடுத்தவருக்கு லாபம். இப்போது பாடம்தான் கூட்டம். ஒரே பாடத்தை எழுதிய எல்லாரும், எந்த மொழியில் எழுதினாலும், ஒரே சராசரிக்குக் கீழே. 1973இன் அதே கழித்தல், அதே வகுத்தல். ஆனால் கூட்டத்தைப் பிரித்த கோடு இடம் மாறியது. அதனால் நியாயமும் மாறியது.

பிறகு 2011. எங்கள் பெரியம்மா மகன் அண்ணா அந்த பெட்ச். அந்த வருடம் புதுப் பாடத்திட்டத்தில் முதல் தடவை எழுதியவர்களும், பழைய பாடத்திட்டத்தில் திரும்ப எழுதியவர்களும் இருந்தார்கள். பேப்பரே வேறு வேறு. ஆனால் இசட் கணக்கிடும்போது இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். அது என்ன செய்யும்? திரும்பவும் கற்பனைக் கணக்கு: பழைய பேப்பரில் சராசரி 50, புதியதில் 40, இரண்டிலும் நியம விலகல் 10, ஆட்கள் சம அளவு. இரண்டிலும் ஒவ்வொருவர் 60 எடுக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் பழையவருக்கு 1, புதியவருக்கு 2. கலந்தால் சராசரி 45, நியம விலகல் ஏறக்குறைய 11.2, இரண்டு பேருக்கும் 1.34. ஒருவருக்கு மேலே ஏற்றம், மற்றவருக்குக் கீழே இறக்கம், இரண்டு பேரும் எதுவும் செய்யாமலே.

வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012 ஜூனில் நீதிமன்றம் அந்த இசட் புள்ளிகளை இரத்துச் செய்து, இரண்டையும் தனித்தனிக் கூட்டங்களாக எடுத்துத் திரும்பக் கணக்கிடச் சொன்னது. இரண்டு கணக்கிலும் வந்தவர்களுக்காக அந்த வருட அனுமதியையும் கூட்ட வேண்டி வந்தது. அண்ணா மாதக் கணக்கில் எங்கேயும் சேர முடியாமல் வீட்டில் இருந்தார். "கோட்ல என்ன கணக்கு மச்சான் பேசுறாங்க?" என்று கூட்டாளிமார் கேட்பார்களாம். அவருக்கும் தெரியாது.

1973இல் பிரித்தது பிழை, 2011இல் பிரிக்காதது பிழை. எங்களுக்குத் தோதானதை மட்டும் சரி என்கிறோமா? இல்லை. 1973இல் எல்லாரும் ஒரே பேப்பர் எழுதினார்கள், ஆகவே மார்க்ஸை நேராக ஒப்பிடலாம். 2011இல் பேப்பரே வேறு, ஒப்பிட முடியாது. அளவுகோல் வேறுபடும் இடத்தில் பிரி, ஆளைப் பார்த்துப் பிரிக்காதே. அந்த இணையப் பாடத்தில் நான் படித்ததில் மிச்சமானது இதுதான்.

இதை வைத்துக்கொண்டு என் சொந்த ரிசல்ட்டுக்குத் திரும்ப வருகிறேன். கொழும்பு ஒரு மாவட்டம். கறுவாத்தோட்டத்துப் பெரிய கொலேஜ்களும் அதற்குள்ளேதான், நாகலகம் வீதிப் பக்கம் ஆற்றுத் தண்ணி ஏறினால் புத்தகங்களைத் தூக்கி மேலே வைக்கிற எங்கள் தோட்டங்களும் அதற்குள்ளேதான். மாவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையில் இருக்கிற தூரத்தை இந்த முறை பார்க்கிறது. ஒரு மாவட்டத்துக்கு உள்ளே இருக்கிற தூரத்தைப் பார்ப்பதில்லை. கண்டி நகரத்துப் பிள்ளையும் அதே மாவட்டத்தின் லயத்துப் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்குத்தான் ஓட வேண்டும். சராசரியை மட்டும் பார்த்து, பரம்பலை விட்டுவிட்ட கதை இது. நியம விலகலைக் கண்டுபிடித்ததே அந்தப் பரம்பலைப் பார்க்கத்தான்.

இதற்கு என்னிடம் தயாராக ஒரு தீர்வு இல்லை. பள்ளிக்கூடத்தைக் கூட்டமாக எடுப்பதா, வீட்டு வருமானத்தை எடுப்பதா? எதை எடுத்தாலும் ஒரு கோடு போட வேண்டும், கோட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது நிற்பார்கள். ஆனால் கோடு போடுகிற மேசையில் இருப்பவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். கோட்டுக்கு வெளியே நிற்கிற நாங்களும் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா? 1973இல் எத்தனை வீடுகளில் அந்தக் கணக்கை ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்திருப்பார்கள்?

பக்கத்து வீட்டு அக்காவின் மகள் இப்போது ஏ.எல். படிக்கிறாள். போன கிழமை அவளோடு இருந்து, அவளுடைய வகுப்புத் தவணைப் பரீட்சை மார்க்ஸை எடுத்து இசட் போட்டுக் காட்டினேன். அவள் சராசரியைக் கழித்தாள், வகுத்தாள், விடையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அண்ணா, இது எங்க கிளாஸோட சராசரி தானே? மற்ற ஸ்கூல் பிள்ளைங்கள சேத்தா நான் எங்க நிப்பேன்?"

அந்தக் கேள்விக்கு வர எனக்கு ஏ.எல். முடிந்து இத்தனை வருடம் எடுத்தது. அவளுக்கு அரை மணித்தியாலம்.