சுவரின் சட்டமும் கதவின் சட்டமும்

கட்டடங்களில் தீயைத் தடுக்க நாடுகள் இயற்றிய சட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடியிருப்பதைக் காணலாம். ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குப் பரவாமலிருக்க என்ன செய்வது என்பது முதற்கேள்வி. தீப்பற்றிய வீட்டினுள் இருப்பவர் எவ்வாறு வெளியே வருவார் என்பது இரண்டாவது. முன்னதைச் சுவரின் கேள்வி என்றும் பின்னதைக் கதவின் கேள்வி என்றும் சொல்லலாம். சுவரைப் பற்றி மனிதர்கள் வெகுகாலம் முன்பே சிந்தித்துவிட்டனர். கதவைப் பற்றி முழுமனதோடு சிந்திக்க இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

லண்டனிலிருந்து தொடங்குவோம். 1212இல் நேர்ந்த பெருந்தீக்குப் பின் அந்நகரில் நாணலும் வைக்கோலும் கொண்டு புதிதாகக் கூரை வேயக் கூடாதென்று ஆணை பிறந்தது. தேம்ஸின் தென்கரையில், நகர எல்லைக்கு வெளியே நின்ற ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்குக்கு வேய்ந்த கூரையே இருந்தது. 1613இல் நாடகத்தின் நடுவே வெடித்த பீரங்கியின் பொறி அக்கூரையில் விழ, அரங்கம் சாம்பலாயிற்று. அடுத்த ஆண்டே ஓட்டுக் கூரையுடன் மீண்டும் எழுந்தது. 1666 செப்டம்பரில் ஒரு ரொட்டிக் கடையில் எழுந்த தீ நான்கு நாட்களில் 13,200 வீடுகளையும் 87 தேவாலயங்களையும் தின்று தீர்த்தது. மறு ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோ மட்டுமே எழ வேண்டும் என்றது. வீடுகளை நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மாடிகளின் எண்ணிக்கையையும் சுவரின் கனத்தையும் வரையறுத்தது.

ஏறக்குறைய அதே காலத்தில், 1657இல், இன்றைய டோக்கியோவாகிய எடோ எரிந்தது. இறந்தவர் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்பது வழக்கமான மதிப்பீடு. மரமும் காகிதமுமாக நின்ற அந்நகரின் ஆட்சியாளர்கள் சுவரைவிட வெற்றிடத்தையே பெரிதும் நம்பினர். தெருக்களை அகலப்படுத்தித் தீ தாண்ட முடியாத வெளிகளை உண்டாக்கினர். கோயில்களை நகரின் ஓரத்துக்கு நகர்த்தினர். ஓட்டுக் கூரைக்கும் மண்சுவருக்கும் ஊக்கமளிக்கப்பட்டது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். லண்டன் செங்கல்லை நம்பியது, எடோ இடைவெளியை நம்பியது. ஆயினும் இரண்டும் காக்க நினைத்தது நகரத்தையே.

கதவின் கேள்வியை உலகம் மறக்க முடியாதபடி எழுப்பியது நியூயார்க். 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்தனர். பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். அந்தப் பத்து மாடிக் கட்டடம் தீயைத் தாங்கும் கட்டடம் எனப் பெயர்பெற்றது. உண்மையிலேயே தாங்கியது, இன்றும் ஒரு பல்கலைக்கழகத்தின் பகுதியாக நின்றுகொண்டிருக்கிறது. அதனுள் இருந்தவர்களைத்தான் அது காக்கவில்லை. ஒன்பதாம் மாடியின் ஒரு கதவு பூட்டியிருந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாளாமல் சரிந்தது. தீயணைப்பு ஏணிகள் ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. உரிமையாளர்கள் வழக்கில் விடுதலை பெற்றனர். ஆனால் மாநிலம் அமைத்த விசாரணைக் குழுவின் உழைப்பால், தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் முப்பதுக்கும் மேல் நிறைவேறின. 1927இல் அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் வெளியேறும் வழிகளுக்கென்றே தனி விதித்தொகுப்பை வெளியிட்டது. ஒரு மாடியில் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை வழிகள், கதவு எப்பக்கம் திறக்க வேண்டும் என்று சட்டம் மனிதரை எண்ணத் தொடங்கியது.

செங்கல்லின் கனத்தைக்கூட எழுதிவைத்த இங்கிலாந்து 1980களில் வேறு பாதையில் நடந்தது. துல்லிய அளவுகளின் இடத்தில், வெளிச்சுவர் தீப்பரவலைப் 'போதுமான அளவு' தடுக்க வேண்டும் என்னும் பொதுச்சொல் வந்தது. புதிய பொருள்களுக்கும் புதிய உத்திகளுக்கும் இடமளிக்கும் நல்ல நோக்கம் அதற்கிருந்தது. 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் குடியிருப்பில் அந்தச் சொல்லின் பலவீனம் வெளிப்பட்டது. அலுமினியத் தகடுகளுக்கிடையே எரியக்கூடிய நெகிழிப் பொருள் வைத்த மேலுறை வழியே தீ 24 மாடிகளின் உச்சிவரை ஏறியது. இருந்தது ஒரே படிக்கட்டு. 72 பேர் மாண்டனர். சுவர் விறகாயிற்று, கதவும் போதவில்லை. எரியும் மேலுறைகளுக்கு உயரமான குடியிருப்புகளில் 2018இல் தடை வந்தது. 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளுக்கு இரண்டாம் படிக்கட்டு வேண்டுமென்ற விதி 2024இல் எழுதப்பட்டது.

இனி நம் நாடு. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் வெளிவந்து 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. படிக்கட்டின் அகலம், வெளியேறும் வழியின் தூரம் எல்லாம் அதில் உண்டு. எனினும் அது பரிந்துரைதான். மாநிலமும் உள்ளாட்சியும் தம் விதிகளில் ஏற்றால்தான் சட்டத்தின் வலு பெறும். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் எரிந்து மணமகன் உட்படப் பலர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில், சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. குறுகலான படிக்கட்டை விட்டால் இறங்க வழியில்லாமல் 94 குழந்தைகள் மடிந்தனர். பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பது கல்வியுரிமையின் பகுதியே என்று கூறி, நாடெங்கும் பள்ளிகள் விதித்தொகுப்பின் தீப்பாதுகாப்பு நெறிகளைப் பின்பற்றப் பணித்தது.

லண்டன் கூரை ஆணைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே 792 ஆண்டுகள். கீற்றின்மீது மட்டும் பழிபோட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. வெயிலுக்கு இதமான எளியோரின் கூரை அது. 1997இல் லண்டனில் மறுபடி எழுந்த குளோப் அரங்குக்கும் வேய்ந்த கூரைதான். 1666க்குப் பின் அந்நகரில் அனுமதிக்கப்பட்ட முதற்கூரை. அதன் உச்சியில் தண்ணீர்த் தூவிகள் இருக்கின்றன. நானூறாண்டுக்கு முந்தைய அரங்கத்தின் நினைவுக்கு அவ்வளவு காவல். நம் குழந்தைகள் அமர்ந்திருந்த மாடிக்கு இன்னொரு படிக்கட்டு போதுமானதாக இருந்திருக்கும்.