சுருட்டு சுற்றிய கை

என் தாத்தாவுக்கு வலது கட்டைவிரல் முழுசாக நிமிராது. வெக்காளியம்மன் கோயிலில் கும்பிடும்போது மற்ற நாலு விரலும் சேர்ந்து நிற்கும், அது மட்டும் வளைந்து ஒதுங்கியிருக்கும். பேரப்பிள்ளைகள் நாங்கள் அதைப் பிடித்து இழுத்து விளையாடுவோம். "விடு கழுத, அது சோறு போட்ட வெரலு" என்பார். திருச்சி உறையூரில் ஒரு சுருட்டுக் கம்பெனியில் நாற்பது வருஷம் சுருட்டு சுற்றிய விரல் அது.

அவர் வேலை செய்வதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நனைத்துப் பதமாக்கிய புகையிலையின் நடு நரம்பைக் கிழித்து எடுப்பார். உள்ளே வைக்கிற இலையை உள்ளங்கையில் கூட்டி, பலகைமேல் வைத்து ஒரே உருட்டு. அதன்மேல் மெல்லிய இலையைச் சாய்வாகச் சுற்றிக்கொண்டே போய், நுனியில் பசை தொட்டு ஒட்டி, கத்தியால் ஓரத்தை நறுக்குவார். தளர்ந்து போனால் சுருட்டு மளமளவென்று எரிந்துவிடும். இறுகிப் போனால் இழுக்கிறவருக்குப் புகை வராது. அந்த நடுப்பதத்தைச் சொல்வது கண் இல்லை, கட்டைவிரல். கூலியோ நூறு சுருட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கில். அதனால் விரல் சொல்வதை நின்று கேட்கவும் நேரம் கிடையாது.

ஆங்கிலத்தில் இருக்கும் 'செரூட்' என்ற சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான். ஒரு காலத்தில் லண்டனில் 'டிரிச்சினாபொலி' என்றால் திருச்சி ஊரை நினைத்தவர்களைவிடச் சுருட்டை நினைத்தவர்கள் அதிகம் இருந்திருப்பார்கள். திண்டுக்கல் பக்கத்துப் புகையிலை இங்கே வந்து சுருட்டாகிக் கப்பலேறியது. உறையூரில் ஃபென் தாம்சன் சுருட்டுக் கம்பெனியின் பெயரை எடுத்தால் அடுத்த வாக்கியத்தில் சர்ச்சில் வந்துவிடுவார். அவர் வாயில் இருந்தது எங்கள் ஊர்ச் சுருட்டு என்று பெருமைப்படாத பெரியவரை நான் பார்த்ததில்லை.

சர்ச்சிலைவிட எனக்குப் பிடித்த சாட்சி ஷெர்லாக் ஹோம்ஸ். 1887-இல் வந்த முதல் கதையிலேயே, கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்து அது திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடித்துவிடுகிறார். 1890-இல் வந்த 'நால்வர் குறி' கதையிலும் திருச்சிச் சுருட்டின் கரிய சாம்பலைப் பற்றிப் பேசுகிறார். அதே பேச்சில் இன்னொன்றும் சொல்கிறார்: தொழில் கையின் வடிவத்தை எப்படி மாற்றுகிறது என்று அவரே ஒரு சிறுநூல் எழுதியிருக்கிறாராம். மாலுமி, நெசவாளி, அச்சுக் கோப்பவர், வைரம் பட்டை தீட்டுபவர் என்று பலருடைய கைகள் அதில் படமாக இருக்கின்றனவாம். சுருட்டு சுற்றுபவரின் கை அந்தப் பட்டியலில் இல்லை. சாம்பலை வைத்து ஊரைச் சொல்லத் தெரிந்த ஆசாமிக்கு, அந்தச் சுருட்டை உருட்டிய கட்டைவிரல் கண்ணில் படவில்லை. கதைதானே என்று விட்டுவிடலாம். எனக்கு விட மனசில்லை.

தாத்தாவுக்கு வலி வந்தபோது வீட்டில் அதற்குச் சுளுக்கு என்று பெயர். முதலில் புளியும் உப்பும் கொதிக்க வைத்துப் பற்று. கேட்கவில்லை என்றால் மூசாம்பரத்தை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பற்று. இரவில் நொச்சி இலை ஒத்தடம். அதற்கும் மசியாவிட்டால் பக்கத்துத் தெருவில் இரட்டைப் பிள்ளை பெற்ற ஒரு அம்மாவிடம் போய், விளக்கெண்ணெய் தடவி மணிக்கட்டிலிருந்து நுனிவரை உருவிவிடச் சொல்வார். இரட்டைப் பிள்ளை பெற்றவர், காலால் பிறந்தவர் இவர்கள் கைப்பட்டால் சுளுக்கு போகும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. இரண்டு நாள் சுகமாக இருக்கும். மூன்றாம் நாள் கம்பெனிக்குப் போவார். வலியும் கூடவே போகும்.

கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் மணிக்கட்டின் ஓரத்தில் சுரீர் என்று இழுக்கிறதா? கட்டைவிரலை விரிக்கிற தசைநாண்கள் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. ஓயாத வேலையில் அந்த உறை தடித்து நாண்களை இறுக்கும்போது வருவது அந்த வலி. தாத்தாவின் சுளுக்கும் இதுவாக இருந்திருக்கலாம். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வெய்ன் இதைப் பற்றி எழுதிய வருஷம் 1895. கைக்கு அது ஒரு விசேஷமான வருஷம் போலிருக்கிறது. செப்டம்பரில் அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரத்தில் டி.டி. பாமர் என்பவர், ஹார்வி லில்லார்ட் என்ற காது மந்தமான துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்து கைரோபிராக்டிக் என்ற வைத்தியத்தைத் தொடங்கினார். டிசம்பரில் ஜெர்மனியில் ரான்ட்ஜன் தன் மனைவியின் கையை எக்ஸ்ரே எடுத்தார். மோதிரத்தோடு எலும்பு தெரியும் அந்தப் படம் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வலிக்குப் பெயர் வந்தது, உள்ளே பார்க்க வழி வந்தது, கையாலேயே சரிசெய்கிறேன் என்று ஒருவர் கிளம்பினார். உறையூரில் அந்த வருஷமும் சுருட்டு உருண்டுகொண்டுதான் இருந்திருக்கும்.

கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கிய கைரோபிராக்டிக் என்ற சொல்லுக்கே 'கையால் செய்வது' என்றுதான் பொருள். பாமரை 1906-இல் உரிமம் இல்லாமல் வைத்தியம் செய்தார் என்று சிறையில் போட்டார்கள். உடம்பைப் பிடித்துவிடும் தொக்கணம் நம் சித்த மருத்துவத்தில் ஒன்பது வகை. அதில் இழுத்தல், அழுத்தல், முறுக்கல், அசைத்தல் எல்லாம் உண்டு. ஆகவே கையால் பிடித்துச் சரிசெய்வது நமக்குப் புதுசு இல்லை. உடம்பின் கோளாறுகளில் பெரும்பாலானவை முதுகெலும்பு பிசகியதால் வருகின்றன என்ற பாமரின் கொள்கைதான் புதுசு. அதை நான் நம்பவில்லை.

அம்மாவின் கை வேறு கதை. ஹோம்ஸின் பட்டியலில் இடம்பிடித்த கை அது. ஃபிரெஞ்சுக்காரர் வெர்னுய் 1902-இல் தூளை நெருப்பில் உருக்கிச் செயற்கைக் கெம்பு செய்யும் முறையை அறிவித்தார். அந்தக் கல் இங்கே வந்து இறங்க, திருச்சியும் சுற்றியுள்ள ஊர்களும் பட்டை தீட்டும் பட்டறைகளாயின. மூக்குத்திக்கும் தோட்டுக்கும் சிவப்புக் கல், வெள்ளைக் கல். எழுபதுகளின் கடைசியில் அமெரிக்கன் டைமண்ட் வந்தபோது தொழில் உச்சிக்குப் போனது. பிற்பாடு சீனத்தில் இயந்திரம் தீட்டிய கல் மலிவாக வந்ததும் சரிந்தது. அம்மா சுருட்டுக்காரர் மகளாகப் பிறந்து, கல்லுக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். குச்சியின் நுனியில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, சுழலும் தட்டில் பிடிக்க வேண்டும். மணிக்கட்டு மடங்கிய வாக்கில் அசையாமல் நிற்க வேண்டும்; அசைந்தால் பட்டை கோணிவிடும். தாத்தாவின் கை ஓயாமல் ஓடிக் கெட்டது. அம்மாவின் கை ஓடாமல் நின்றே கெட்டது.

ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்து கையை உதறுவாள். "எறும்பு ஊருதுடி" என்பாள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப் போகும். டம்ளர் நழுவும்; ஜாக்கெட் கொக்கியை நான்தான் மாட்டிவிடுவேன். கடைசியில் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதைமேடு வற்றித் தட்டையாகிவிட்டது. அது நரம்பு நசுங்கியதன் முற்றிய அடையாளம் என்று எனக்குத் தெரிந்தபோது அம்மா இல்லை. வாயு என்றார்கள், ரத்தம் பத்தவில்லை என்றார்கள், டானிக் கொடுத்தார்கள். ஒருவரும் "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்கவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்வதற்கு வேலை என்றே பெயர் இல்லையே!

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாஜினி 1700-இல் தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். நோயாளியிடம் வைத்தியர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றும் கேட்க வேண்டும், உன் தொழில் என்ன என்று, என்பது அவர் வாதம். பிறகு எழுத்தர்களையும் அதில் சேர்த்தார்: உட்கார்ந்தே இருப்பது, கை ஓயாமல் ஓடுவது, பிழை வரக்கூடாதே என்ற கவலை. மூன்றும் எனக்குப் பொருந்தும். முப்பத்தொரு வருஷம் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் நான். ரெமிங்டன் மெஷினில் ஆரம்பித்துக் கணினியில் முடித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் எறும்பு ஊர ஆரம்பித்தது. எலும்பு என்றாலே நம் ஊரில் இரண்டு புத்தூர் வரும். ஒன்று ஆந்திரத்துப் புத்தூர். மூங்கில் பத்தையும் பச்சிலையும் வைத்து முறிவுக்குக் கட்டுப்போடும் அந்த ஊரின் பெயரைத் தாங்கி, தமிழ்நாடு முழுக்க வைத்தியசாலைப் பலகைகள் தொங்குகின்றன. இன்னொன்று நம் திருச்சிப் புத்தூர், பெரியாஸ்பத்திரி இருக்கும் இடம். அந்த ஆஸ்பத்திரியோடு சேர்ந்த மருத்துவக் கல்லூரிக்கு கி.ஆ.பெ. விசுவநாதம் பெயர். முத்தமிழ்க் காவலர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் திருச்சிப் புகையிலை வணிகர் என்பதையும் தமிழ் மருத்துவத்துக்காகப் பேசியவர் என்பதையும் என் தாத்தா அடிக்கடி சொல்வார். புகையிலைக்காரர் பெயர் மருத்துவத்துக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

இந்த இரண்டுக்கும் போகாமல் நான் போனது தில்லைநகரில் ஒரு டாக்டரிடம். சின்னப் பெண். உட்கார்ந்ததும் கேட்டாள்: "என்ன வேல பாத்தீங்கம்மா?" எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பயந்து தண்ணீர் கொடுத்தாள்.

பிறகு விளக்கினாள்: மணிக்கட்டில் எட்டுக் குட்டி எலும்புகள் வளைந்து ஒரு பள்ளம் போல நிற்கின்றன. மேலே ஒரு தசைநார் கூரை. அந்தச் சின்னக் குகைக்குள் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. நாண்கள் வீங்கினால் இடம் கொடுக்க வேண்டியது நரம்புதான். "டைப்பிங் ஒன்னையே குத்தம் சொல்ல முடியாதும்மா, உங்க சுகரும் சேர்ந்திருக்கு" என்றாள். தைராய்டு, கர்ப்பம் இவையும் காரணமாகலாமாம். ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கிற பட்டை ஒன்று கொடுத்தாள். குறையாவிட்டால் ஊசி, கடைசியில் கூரையை அறுத்துவிடும் சின்ன ஆபரேஷன்.

என் தம்பி மகன் விடவில்லை. கைரோபிராக்டரிடம் அழைத்துப் போனான். முன்முடிவோடுதான் போனேன். அவர் கழுத்தில் தொடங்கினார். கைக்கு வரும் நரம்புகள் கழுத்திலிருந்துதான் புறப்படுகின்றன, ஆகவே அங்கே பார்ப்பது நியாயம்தான். முழங்கையின் கீழ்த் தசைகளை அழுத்தித் தளர்த்தினார், மணிக்கட்டு எலும்புகளை மெல்ல அசைத்தார், நரம்பு வழுக்கிப் போக நாலு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். சுகமாகத்தான் இருந்தது. இப்படிக் கையால் செய்யும் சிகிச்சை சிலருக்குக் குணம் தருகிறது என்று ஆய்வுகளும் உண்டு. ஆனால் கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடுக்கட்டுமா என்றபோது வேண்டாம் என்றேன். அதனால் மணிக்கட்டு குணமாகும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை, என் எலும்போ அறுபதைத் தாண்டியது. இரட்டைப் பிள்ளை பெற்ற அம்மாகூட வலிக்கிற இடத்தைத்தான் உருவினார்.

இப்போது ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். பெரிய கோயிலில் தன்வந்திரி சந்நிதி உண்டு. பழைய ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் என்பவர் 1493-இல் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டு கோயிலில் இருக்கிறது. அரங்கனுக்கு மாலை கட்டியே ஆழ்வாரானவர் தொண்டரடிப்பொடி. ஆஸ்பத்திரியும் பூ கட்டும் கையும் இந்த மதிலுக்குள் பல நூறு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன.

சாத்தார வீதியில் வழக்கமாக நான் பூ வாங்கும் அக்காவிடம் போன வாரம் கேட்டேன். மணிக்கட்டு வலியையும் விரல் மரத்துப் போவதையும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது, தெரியுமா என்று. அவளுக்குச் சிரிப்பு. வாழைநாரை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, "எனக்கும் மரத்துத்தான் போவுது" என்றாள்.

"எந்த வெரல்?"

"இந்த மூணும். சுண்டுவெரலு நல்லாத்தான் இருக்கு. அது நமக்கு என்ன வேல செய்யுது?"

ராத்திரி மணிக்கட்டை நேராக வைத்துத் தூங்கு, பட்டை வாங்கித் தருகிறேன் என்றேன். சரிக்கா என்று சொல்லிவிட்டு, "எத்தன மொழம்?" என்று கேட்டாள். இரண்டு என்றேன். பூச்சரத்தை முழங்கையில் வைத்து, மணிக்கட்டைத் தாண்டி நடுவிரல் நுனிவரை இழுத்து அளந்தாள். கையை ஒருமுறை உதறிக்கொண்டு மறுபடி அளந்தாள்.