ஜப்பான்காரர் பர்மாக்காரர் ஆன கதை



ஊமைப்படம் என்றதும் நமக்குச் சாப்ளின்தான் நினைவுக்கு வருவார். அதே காலத்தில் அமெரிக்காவில் பெரும் புகழோடு இருந்த ஓர் ஆசிய நடிகரும் உண்டு. பெயர் செசூ ஹயகாவா. ஜப்பானின் சிபா பகுதியில் பிறந்தவர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த படத்தில் ஒரு வரலாற்றுப் பாடம் ஒளிந்திருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

படம் 'தி சீட்'. 1915 டிசம்பரில் வெளிவந்தது. இயக்கியவர் செசில் பி. டிமில். பின்னாளில் 'பத்துக் கட்டளைகள்' எடுத்தாரே, அவரேதான்.

பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி, தன் பொறுப்பில் இருந்த செஞ்சிலுவைச் சங்கத்தின் 10,000 டாலரைப் பங்கு வியாபாரத்தில் போட்டு இழந்துவிடுகிறாள். ஜப்பானியச் செல்வர் ஒருவரிடம் கடன் வாங்குகிறாள். கடனுக்கு ஈடாக அவர் கேட்டது அவளையே. பிறகு அவள் பணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தும் அவர் ஏற்கவில்லை. தன் பொருள்களுக்கு இடும் முத்திரையைப் பழுக்கக் காய்ச்சி அவள் தோளில் சுடுகிறார். அவள் அவரைத் துப்பாக்கியால் சுடுகிறாள். பழியைக் கணவன் ஏற்கிறான். நீதிமன்றத்தில் அவள் தோள் தழும்பைக் காட்டியதும் கூட்டம் கொதித்தெழுகிறது.

1916இல் பாரீஸில் இந்தப் படம் பெரிய பரபரப்பு. முகத்தை அசைக்காமலே மிரட்டும் ஹயகாவாவின் நடிப்பைப் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டாடினார்கள். எழுத்தாளர் கோலெத் பாராட்டி எழுதினார். 1921இல் இதே கதை அங்கே இசை நாடகமாகவும் மேடையேறியது.

அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியர்களுக்கோ கோபம். தங்கள் இனத்தையே கொடியவர்களாகக் காட்டுகிறது என்று எதிர்த்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் ஜப்பானியப் பத்திரிகை ஹயகாவாவையும் கண்டித்தது.

1918இல் படம் மறுபடி வெளியானபோது என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பாத்திரத்தைப் பர்மாக்காரராக்கிவிட்டார்கள். ஊமைப்படத்தில் பேச்செல்லாம் எழுத்து அட்டையில்தானே? ஹிஷுரு டோரி என்ற பெயரை ஹகா அரகாவ் என்று மாற்றி, பர்மாவின் தந்த வியாபாரி என்று எழுதினால் வேலை முடிந்தது. வீட்டின் ஜப்பானியக் கதவும் உடையும் அப்படியே இருந்தன.

ஏன் பர்மா? முதல் உலகப் போரில் ஜப்பான் நேச நாடுகளின் பக்கம். 1917இல் அமெரிக்காவும் அதே பக்கம் சேர்ந்தது. நட்பு நாட்டை இழிவுபடுத்தக் கூடாது. பர்மாவோ அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அதற்காகக் கேள்வி கேட்கத் தூதரும் இல்லை, சொந்த அரசும் இல்லை. வில்லன் பட்டம், கேட்க நாதியில்லாதவன் தலையில் போய் விழுந்தது.

ஹயகாவா சும்மா இருக்கவில்லை. 1918இல் ஹாவர்த் என்ற சொந்தப் படநிறுவனம் தொடங்கினார். 1919இல் 'தி டிராகன் பெயின்டர்' படத்தில், மனைவி சுரு அயோகியோடு, மலையில் திரியும் பித்துப் பிடித்த ஓவியராக நடித்தார். தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அந்தப் படத்தைப் பிற்காலத்தில் ஒரு பிரெஞ்சுப் பிரதியிலிருந்து மீட்டார்கள். அதே 1919இல் 'தி மேன் பினீத்' படத்தில் அவருக்கு இந்திய மருத்துவர் வேடம். அவர் விரும்பும் வெள்ளைக்காரப் பெண் நிறத்தின் காரணமாக அவரை மணக்க முடியாமல் போகிறது. வெள்ளைக்காரக் கதாநாயகியைக் கைப்பிடிக்கும் வேடம் அவருக்கு எளிதில் கிடைக்கவில்லை.

உங்களில் பலர் அவரைப் பார்த்திருப்பீர்கள், யாரென்று தெரியாமலே! 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் கர்னல் சைட்டோ அவர்தான். படப்பிடிப்பு இலங்கையில், கித்துல்கலையில். ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

அந்தப் படத்திலும் கவனிக்க ஒன்று உண்டு. 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதையில் 12,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ 90,000 பேர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் ஏராளம். படம் கைதிகளின் கதையைச் சொல்கிறது. நம்மவர்களுக்கு அதில் ஒரு காட்சிகூட இல்லை.

அட்டையில் பேர் எழுதும் இடத்தில் நம் ஆள் இல்லையென்றால் இப்படித்தான் நடக்கும். பர்மா, மலேயா, சைகோன் போய்வந்த பெரியவர்கள் நம் குடும்பங்களில் நிறைய. அவர்கள் பெயர், போன ஆண்டு, செய்த வேலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விவரம் தெரிந்த பாட்டி யாராவது வீட்டில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள்.