பெங்களூர் முற்றுகை (1791)

மூன்றாம் ஆங்கிலேய–மைசூர்ப் போரின்போது (1790–1792), மைசூர் மன்னர் திப்பு சுல்தான் வசமிருந்த பெங்களூரைப் பிடிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை நடத்திய முற்றுகை. படைக்குத் தலைமை வகித்தவர் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ். 1791 மார்ச் 7 அன்று நகரின் பேட்டைப் பகுதியும், 21ஆம் தேதி இரவு கோட்டையும் வீழ்ந்தன.

1789 டிசம்பரில், கம்பெனியின் நட்பு நாடான திருவிதாங்கூரின் எல்லை அரணைத் திப்பு தாக்கியது போருக்கு வழிவகுத்தது. மறு ஆண்டு சண்டை கொங்கு நாட்டுக்கு வந்தது. கம்பெனித் தளபதி மெடோஸ் கோயம்புத்தூரைப் பிடித்து, அங்கிருந்து மலையேறி மைசூருக்குள் நுழையத் திட்டமிட்டார். திப்பு முந்திக்கொண்டார். செப்டம்பரில் கஜலஹட்டிக் கணவாய் வழியே இறங்கிச் சத்தியமங்கலத்தருகே மோதியவர், பிறகு திருச்சி, திருவண்ணாமலை வரை படை நடத்திப் போனார். மெடோஸின் திட்டம் அதோடு முடிந்தது. கார்ன்வாலிஸ் தாமே களத்துக்கு வந்தார். திப்புவின் தலைநகரான சீரங்கப்பட்டணத்தை நெருங்குமுன் தானியமும் வெடிமருந்தும் சேர்த்துவைக்க மேட்டுநிலத்தில் ஓர் ஊர் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அதற்கு ஏற்ற ஊர் பெங்களூர்.

1791 பிப்ரவரியில் ஆம்பூர்க் கணவாய்களை நோக்கிப் போவதாகப் போக்குக் காட்டிவிட்டு, சித்தூரை அடுத்த மொகிலிக் கணவாய் வழியாக அவர் படையை மேலேற்றினார். கோலாரும் ஹொஸகோட்டையும் எதிர்ப்பின்றிப் பணிந்தன. மார்ச் 5 அன்று படை பெங்களூரை அடைந்தது.

அன்றைய பெங்களூர் இரு பகுதிகளாக இருந்தது. தெற்கே, கெம்பே கவுடா எழுப்பிய மண்கோட்டை இருந்த இடத்தில் திப்புவின் தந்தை ஹைதர் அலி கட்டிய கற்கோட்டை. அதன் வடக்கே பேட்டை: நெசவாளரும் வணிகரும் நெருங்கி வாழ்ந்த ஊர். பேட்டைக்குக் காவல் மண்சுவர், அகழி, அடர்ந்த முள்வேலி. மார்ச் 7 காலையில் பேட்டையின் வாயிலைப் பீரங்கியால் உடைத்துக் கம்பெனிப் படையினர் உள்ளே புகுந்தார்கள். பீரங்கிப் படைத் தளபதி மூர்ஹவுஸ் அந்த வாயிலில் குண்டடிபட்டு மாண்டார். பேட்டையை மீட்கத் திப்பு அன்றே பெரும்படையை அனுப்பினார். தெருத்தெருவாகச் சண்டை நடந்தது. இறுதியில் மைசூர்ப் படை பெருஞ்சேதத்துடன் பின்வாங்கியது. மூர்ஹவுஸின் மரணத்தை ராபர்ட் ஹோம் ஓவியமாகத் தீட்டினார். அந்தத் தெருக்களில் விழுந்த சிப்பாய்களின் பெயர்களையோ, வீடிழந்த பேட்டைவாசிகளின் பெயர்களையோ போர் வரலாறுகள் சொல்வதில்லை. இது பெரிய குறை.

முற்றுகையைத் தீர்மானித்தது பேட்டைதான் என்று சொல்லலாம். தீவனமின்றி மாடுகள் செத்துக்கொண்டிருந்த படைக்கு அங்கிருந்த தீவனமும் தானியமும் உயிர் கொடுத்தன. கோட்டையைத் தாக்கப் பீரங்கி மேடைகள் அமைக்க மறைவிடமும் கிடைத்தது. அதே சமயம் திப்புவின் படை வெளியே சுற்றிக்கொண்டே இருந்ததால், முற்றுகையிட்டவர்களும் முற்றுகைக்குள்தான் இருந்தார்கள். மார்ச் 21 இரவு, நிலா வெளிச்சத்தில், தில்லி வாயிலுக்கு அருகே மதிலில் ஏற்பட்ட உடைப்பின் வழியே கம்பெனிப் படை ஏறியது. கோட்டைத் தலைவரான கில்லேதார் பகதூர் கான் கடைசிவரை வாளுடன் நின்று மடிந்தார். கோட்டைக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவல் வீரர்கள் மாண்டனர். பகதூர் கானின் உடலைத் திப்புவிடம் ஒப்படைக்க கார்ன்வாலிஸ் முன்வந்தார். போரிட்டு விழுந்த இடத்திலேயே முஸ்லிம்கள் அடக்கம் செய்வது தகும் என்று திப்பு பதில் அனுப்பினார்.

வெற்றி உடனே பலன் தரவில்லை. மே மாதம் சீரங்கப்பட்டணம் வரை போன படை, உணவும் இழுவை மாடுகளும் இல்லாமல் தன் கனரகப் பீரங்கிகளைத் தானே உடைத்துவிட்டுத் திரும்பியது. மறுபடி எழுந்து நிற்கப் பெங்களூர் அதற்குத் தளமானது. லம்பாடி வணிகர்கள் பொதிமாடுகளில் கொண்டுவந்த தானியம் சோறு போட்டது. 1792 பிப்ரவரியில் சீரங்கப்பட்டணம் முற்றுகைக்குள்ளானதும் திப்பு சமாதானத்துக்கு இணங்கினார். மார்ச்சில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி ராஜ்ஜியத்தில் பாதியையும், 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுத்து, இரு மகன்களைப் பிணையாக அனுப்பினார்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் போரின் விளைவு சேலம் வழியாக வந்தது. பாரமஹால் பகுதியும் சேலமும் திண்டுக்கல்லும் கம்பெனிக்குப் போயின. சேர்வராயன் மலையும் அடங்கிய நிலப்பரப்பு அப்படித்தான் கைமாறியது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்து வரி விதித்தார்கள். உழவரிடம் அரசு நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை பாரமஹாலில்தான் உருப்பெற்றது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் காப்பி பயிரிடச் செய்ததும் இந்த ஆட்சி மாற்றத்தின் தொடர்ச்சியே. ரயத்துவாரி வரியின் பாரம் உழவர் தலையில் தலைமுறைகளாக இருந்தது.

பெங்களூர் திப்புவிடமே திரும்பியது. 1799இல் அவர் மறைந்த பின் கோட்டையின் பெரும்பகுதி படிப்படியாக இடிக்கப்பட்டது. தில்லி வாயிலும் சிறிது மதிலும் கே.ஆர். மார்க்கெட் அருகே எஞ்சியுள்ளன. படை உள்ளே ஏறிய இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்று அந்த மதிலில் பதிக்கப்பட்டிருக்கிறது.