தோள்சீலைப் போராட்டமும் பெண்களின் அரசியல் ஆற்றலும்

தோள்சீலைப் போராட்டம் என்பது, மார்பை மூடித் தோளில் இடும் மேலாடை மேற்சாதிப் பெண்களுக்கே உரியது என்றிருந்த திருவிதாங்கூர் வழக்கத்தை எதிர்த்து, அக்கால ஆவணங்கள் சாணார் எனக் குறிக்கும் நாடார் பெண்கள் 19ஆம் நூற்றாண்டில் நடத்திய போராட்டமாகும். கல்குளம், இரணியல், விளவங்கோடு வட்டாரங்களோடு நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் அதன் களங்களாயின. மிஷனரிகளுக்கும் சமஸ்தானத்துக்கும் இடையிலான வழக்காகவே இதை எழுதும் மரபு நெடுங்காலம் நிலைத்தது. ஆனால் அரசாணைகளை வரிசையாக வைத்துப் படித்தால், அரசை மீண்டும் மீண்டும் பேசவைத்தவர்கள் உடுத்தக்கூடாததை உடுத்திச் சந்தைக்கு வந்த பெண்களே என்பது விளங்கும்.

கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம், அதாவது சிரியன் கிறித்தவரும் மாப்பிள்ளைமாரும் அணிந்த தளர்ந்த சட்டை, அணியலாம் என 1814இல் அனுமதி கிடைத்தது. அவர்கள் அத்துடன் அமையாமல், குப்பாயத்தின் மீது தோள்சீலையையும் இட்டனர். தெருவில் அச்சீலை பறித்துக் கிழிக்கப்பட்டது, கலவரம் மூண்டது, 1829 பிப்ரவரியில், இளவரசர் சுவாதித் திருநாளுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த ராணி கௌரி பார்வதிபாய், குப்பாயத்தை மட்டும் ஏற்றுத் தோள்சீலையை விலக்கி ஆணையிட்டார். அரியணைப் பொறுப்பில் ஒரு பெண் இருந்தும் சாதி வரம்பு அசையவில்லை.

உடைச் சட்டம் பெண்களை அரசியலுக்கு இழுத்தது இங்கு மட்டுமன்று. பொன்னையும் வண்ண ஆடையையும் கட்டுப்படுத்திய கி.மு. 215ஆம் ஆண்டின் ஓப்பியச் சட்டத்தை நீக்கக் கோரி, கி.மு. 195இல் உரோமைப் பெண்கள் தெருக்களை நிறைத்து, நீக்கத்தைத் தடுக்க முயன்ற அதிகாரிகளின் வீடுகளை முற்றுகையிட்டு வென்றனர். ஆயினும் அவர்கள் கேட்டது செல்வர்க்குரிய அணி. நெய்யாற்றின்கரைப் பெண்கள் கேட்டதோ உடலை மறைக்கும் உரிமை.

திருவிதாங்கூரில் 1858இல் வன்முறை மீண்டும் வெடித்தது. திவான் மாதவராவின் அரசு தொடக்கத்தில் பழைய ஆணையையே வற்புறுத்தினாலும், சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியனின் அழுத்தமும் சேர, 1859 ஜூலை 26இல் உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. எந்தச் சமயத்தைச் சேர்ந்த நாடார் பெண்ணும் குப்பாயம் அணியலாம், மீனவச் சாதியான முக்குவப் பெண்களைப்போல முரட்டுத்துணி சுற்றிக்கொள்ளலாம், வேறு விதமாகவும் மார்பை மறைக்கலாம். மேற்சாதிப் பெண்களைப்போல உடுத்துவது மட்டும் கூடாது என்றது அது. உரிமை தந்த அதே வரியில் எல்லைக்கோடும் இருந்தது.

1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைய, நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்தில் நின்றன. போராட்டக் களத்தின் நடுவே மாநில எல்லை விழுந்தது. இப்போராட்டத்தைக் கூறிய ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடம் 2019இல் என்.சி.ஈ.ஆர்.டி. நூலிலிருந்து நீக்கப்பட்டது.