வருமானப் படிவம் பிறந்த கதை

சம்பூரில் உயர்தரம் படிக்கும் பிள்ளை, பண உதவியோடு அமெரிக்காவில் படிக்க விரும்பினால், பரீட்சைப் பெறுபேற்றோடு இன்னொரு படிவமும் நிரப்ப வேண்டும். அப்பாவின் வருமானம், காணி, வங்கியில் உள்ள பணம், வீட்டில் படிக்கும் பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் அது கேட்கும். இதைக் கண்டு கூச்சப்படும் பெற்றோர் உண்டு. ஆனால் இது பிறந்ததே பணமில்லாத பிள்ளைக்காகத்தான்.

ஏழை மாணவருக்கென 1643இல் லேடி மௌல்சன் என்ற இலண்டன் சீமாட்டி ஹார்வார்டுக்கு 100 பவுண் கொடுத்தார். ஆனால் புலமைப்பரிசில் எப்போதும் ஏழையைத் தேடிப் போகவில்லை. 1870இல் நம் தீவிலிருந்து புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் போன பொன்னம்பலம் அருணாசலம், கொழும்பின் வசதியான குடும்பத்தவர். அந்தப் பரிசில் திறமையை அளந்தது. வீட்டு நிலையை அளக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கக் கல்லூரிகள் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பிடிக்கப் போட்டிபோட்டுப் பரிசில் கொடுத்தன. தேவையில்லாதவருக்கும் பணம் போனது, தேவைப்பட்டவருக்குப் போதவில்லை. ஹார்வார்டில் நிதியுதவிக்குப் பொறுப்பாயிருந்த ஜோன் மன்ரோ இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். படிப்புக்கு ஆகும் மொத்தச் செலவில் குடும்பத்தால் நியாயமாகக் கொடுக்கக்கூடியதைக் கழித்தால், மிஞ்சுவதே தேவை. இந்த வழியைப் பல கல்லூரிகளுக்கும் பொதுவாக்க, 1954இல் அமெரிக்கக் கல்லூரிகளின் கூட்டமைப்பான கொலேஜ் போர்ட் ஒரு தனிச் சேவையைத் தொடங்கியது. இன்றைய ‘சி.எஸ்.எஸ். புரொஃபைல்’ படிவம் அதன் வழிவந்தது. மன்ரோவோ 1967இல் ஹார்வார்ட் பதவியை விட்டு, அலபாமாவில் கறுப்பின மாணவர் படித்த மைல்ஸ் கல்லூரிக்குக் கற்பிக்கப் போனார்.

வெளிநாட்டுப் பிள்ளைக்கு வாசல் தாமதமாகவே திறந்தது. பணம் கட்ட முடியுமா என்று பார்த்தே பெரும்பாலான கல்லூரிகள் இன்றும் வெளிநாட்டவரைச் சேர்க்கின்றன. பிரின்ஸ்டன் 2001இல் அந்தப் பார்வையைக் கைவிட்டது. கடனுக்குப் பதில் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத உதவியும் தந்தது. ஹார்வார்ட், யேல், எம்.ஐ.டி., அம்ஹர்ஸ்ட் ஆகியவையும் இவ்வழியில் நிற்கின்றன. 2022இல் டார்ட்மத்தும் போடனும் சேர்ந்தன. இடம் கிடைப்பது மிகக் கடினம். கிடைத்தால், கணக்கிட்ட தேவை முழுவதையும் இவை ஏற்கின்றன.

சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, நலன்புரி முகாம்களில் பல்லாண்டு கழித்தவர்கள். 2015க்குப் பிறகே காணிகள் கட்டம் கட்டமாகத் திரும்பக் கிடைத்தன. கடலையும் வயலையும் நம்பிய வீட்டில் மாதச் சம்பளத் துண்டு இருக்காது. அதற்காகப் பின்வாங்க வேண்டாம். பருவத்துக்குப் பருவம் மாறும் வருமானத்தையும் இழந்ததையும் படிவத்தில் விளக்கி எழுதுங்கள். கிராம சேவகரின் கடிதத்தை மொழிபெயர்த்து இணையுங்கள். படிவத்துக்கான கட்டணம் கட்ட வழியில்லாவிட்டால், விலக்குக் கேட்டு நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

பெற்றோரே, ஆசிரியர்களே: வருமானத்தைக் கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதி, பிள்ளையை விண்ணப்பிக்க விடுங்கள்.